முடிச்சுப் போட இருந்த நேரம்

விலைச்சீட்டுக் கட்டும் வேலையை அண்ணாச்சியிடம் கொடுத்தது என் தவறு. பித்தளை விளக்கின் காதில் ஒரு சின்னச் சீட்டைக் கட்டச் சொன்னால், கப்பலைத் துறையில் கட்டுகிற மாதிரி கட்டிவிடுவார். வாங்கிப் போனவர்கள் வீட்டில் உட்கார்ந்து நகத்தால் பிறாண்டி, பல்லால் கடித்து, கடைசியில் கத்தரியை எடுக்க வேண்டியதுதான். பூனாவிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து, விலைச்சீட்டோடுதான் விளக்கைப் பூஜையில் வைத்திருக்கிறேன் என்று சண்டை பிடித்தாள்.

"அண்ணாச்சி, சும்மா ஒரு சுருக்குப் போட்டா போதும். ஆளுக அவிழ்க்க வேண்டாமா?" என்பேன்.

"அவுந்தா அது முடிச்சா தங்கச்சி?" என்பார். அதற்குமேல் பேச்சு இல்லை.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் எங்களுக்கு ஒரு பழம்பொருள் கடை. என் மாமனார் காலத்தில் சுக்குக் கிடங்காக இருந்த இடம். இன்றும் மழை பெய்தால் சுவரிலிருந்து சுக்கு வாசனை வரும். மரவேலை, பித்தளை, பழைய கப்பல் சாமான், பரணி என்று இங்கே சொல்கிற ஆள் உயரச் சீன ஜாடிகள் எல்லாம் இருக்கும். புதுசைப் பழசாக்கவும் தெரியும், பழசைப் புதுசாக்கவும் தெரியும், தொழில் அப்படி. கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அதில்தான் அவர் இருந்தார். தூத்துக்குடிக்காரர். இங்கே கொச்சித் துறைமுகத்தில் இழுவைப்படகு ஒன்றில் தண்டலாக இருந்தவர், அதாவது படகை நடத்துகிறவர். வேலையை விட்டபிறகு ஊருக்குப் போகவில்லை. வாடகைக்குப் பதிலாகக் கயிற்று வேலை செய்து கொடுத்தார். கடல்புறத்து ஓட்டல்களில் சுவரில் மாட்டுகிற வலை, முடிச்சுப் பலகை எல்லாம் அவர் கை. தெரு முழுக்க அண்ணாச்சி என்றே கூப்பிட்டது. நானும் அப்படியே.

எதைக் கையில் எடுத்தாலும் அவர் அதில் ஒரு கயிறும் கயிற்று நுனியில் ஒரு மிதவையும் கட்டாமல் விடமாட்டார். சாவியில் கார்க்கு. கண்ணாடியில் கார்க்கு. குடைக் கைப்பிடியில் வலைக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் குண்டு. பிளாஸ்க் மூடியில்கூட ஒரு தக்கைத் துண்டு தொங்கும். ஒருநாள் என் வீட்டுச் சாவியைத் தேடினால், அதுவும் வாலோடு வருகிறது.

"நான் குளத்துல குளிக்கக்கூடப் போறதில்ல அண்ணாச்சி. இது எதுக்கு எனக்கு?"

"விழப்போறோம்னு தெரிஞ்சா விழுதாவ?"

கேலி செய்தாலும் அந்தக் கார்க்கை நான் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கவும் முடியாது என்பது வேறு விஷயம்.

இன்னொரு பழக்கம். ஏதாவது சாமான் ஆளில்லாமல் கிடந்தால் உடனே எடுக்கவிடமாட்டார். முதலில் விசாரணை நடக்கும். விழுந்ததா, எறிஞ்சதா, விட்டதா, வச்சதா? தெருவில் கிடக்கும் ஒற்றைச் செருப்புக்கும் இதே விசாரணைதான். கடை வாசலில் யாரோ கொண்டுவந்து விட்ட பூனைக்குட்டியைப் பார்த்து, "இது எறிஞ்சது. நீ எடுத்துக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். அது பிறகு பத்து வருஷம் என் மேசைமேல் தூங்கியது.

ஒருமுறை தெருக்கோடியில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு மும்பைக்குப் போயிற்று. மிச்சம் கிடந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். கூடத்தில் ஒரு ஊஞ்சல் பலகை. ஈட்டி மரம். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அண்ணாச்சி சங்கிலியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றார். சங்கிலியின் மேல் வளையத்தில் ஒரு சிவப்பு நூல் சுற்றி முடிச்சிட்டிருந்தது.

"நூலுதானே அண்ணாச்சி."

"கட்டிட்டுப் போயிருக்காவ. இது லேகன். தொடாத."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் தொடவில்லை. மழைக்காலம் முடிந்து அந்த வீட்டு மூதாட்டி ஒரு டெம்போவோடு வந்தாள். ஊஞ்சல் இருந்த இடத்தில் இருப்பதைப் பார்த்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அவரோடு இந்த விஷயத்தில் நான் வாதாடியதில்லை.

லேகன் என்பது அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் முக்கால் பங்கு. அந்தச் சொல் அவருக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு விபத்துக்குப் பிறகு வில்லிங்டன் தீவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் விசாரணை நடந்ததாம். அங்கே ஒரு வயதான கப்பல் சர்வேயர் மேசைமேல் நான்கு காகிதக் குண்டுகளை வைத்து இவருக்கு விளக்கினாராம். கப்பல் உடைந்து தானாக மிதந்து வருவது ஒன்று. கனம் குறைக்க வேண்டும் என்று கப்பல்காரனே தூக்கி எறிந்தது ஒன்று. இனி வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனது ஒன்று. நான்காவது, மூழ்கித்தான் கிடக்கிறது, ஆனால் மேலே ஒரு மிதவை கட்டியிருக்கிறது. திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனது. அதற்கு உடையவன் இருக்கிறான். வேறு ஆள் கை வைக்கக்கூடாது. அதுதான் லேகன். அந்தக் காலத்துக் கப்பல் சட்டத்தில் இருக்கும் பழைய சொல். கட்டு என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்றும் அந்த சர்வேயர் சொன்னாராம்.

"கட்டுன்னா கட்டுதான். இங்கிலீஷ்லயும் அதே" என்று அண்ணாச்சி சந்தோஷமாகச் சொல்வார்.

வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மரத்துண்டை எடுத்து அவர் செதுக்க ஆரம்பித்தால், மழை ஓயப்போகிறது என்று அர்த்தம். முருக்கு மரம், கையில் எடுத்தால் கனமே இருக்காது. பூசணிக்காய் அளவில் ஒரு மிதவை செய்வார். அதன் வயிற்றில் மூன்று வெட்டு, பக்கத்தில் பக்கத்தில். அவர் வீட்டு வலைகளுக்கு அப்பா காலத்திலிருந்து அந்த அடையாளம்தானாம். கடல் அடங்கியதும் தோப்பும்படியிலிருந்து ஒரு மீன்பிடி போட்டில் அதைக் கொண்டுபோவார். திரும்பும்போது போன வருடத்து மிதவையோடு வருவார். சிப்பி சுரண்டி, கழுவி, தன் அறைச் சுவரோரம் வரிசையில் வைப்பார். நான் முதலில் எண்ணியபோது பதினொன்று இருந்தது.

ஒரு வருடம் நானும் வருகிறேன் என்றேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறொன்றும் இல்லை. போட்டை ஓட்டுகிறவரை இங்கே ஸ்ராங்கு என்பார்கள்; அந்த ஸ்ராங்கு அண்ணாச்சிக்குப் பழக்கமான ஆள். காலை வெயிலில், காயல் கடலில் சேரும் அழிமுகம் தாண்டிப் போனோம். கரை ஒரு கோடாகிவிட்ட இடத்தில், பச்சைப் பாசி பிடித்து, மூன்று வெட்டோடு, அந்தப் பழைய மிதவை தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி அதை உள்ளே இழுத்துப் போட்டார். கீழே போகும் நைலான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, தொய்வு போகும்வரை இழுத்தார். பிறகு மூன்று தடவை சுண்டினார். வாசலில் நின்று மணிக்கயிற்றை இழுப்பதுபோலத்தான் இருந்தது. தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். ஸ்ராங்கு எஞ்சினை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது பழக்கம் போல.

"யாரு அண்ணாச்சி கீழே?" என்று கேட்டேன்.

"தம்பி."

அப்போதுதான் சொன்னார். எஞ்சின் இல்லாத பழைய சரக்குத் தோணி ஒன்றை, பார்ஜ் என்பார்கள், கல் ஏற்றி இவர் படகு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பார்ஜுக்குள் ஊறுகிற தண்ணீரை இறைக்க ஒரு ஆள் வேண்டும். இவருடைய தம்பி போனான். இருபத்திரண்டு வயது. காற்று திரும்பியது. பார்ஜின் மூக்கு அமிழ ஆரம்பித்தது. கயிறு இறுகி, இழுவைப்படகின் பின்புறமும் தண்ணீருக்குள் போகிறது. இவரோடு சேர்த்துப் படகில் ஆறு பேர். கயிற்றை வெட்டவேண்டியது தண்டலின் பொறுப்பு.

"வெட்டினேன். அதுல தப்பில்லன்னு எல்லாரும் சொல்லிட்டாவ. நானும் அததான் சொல்லுதேன்" என்றார். கயிற்றை விடவில்லை. "ஆனா வெட்டுறதுக்கு முன்னால, அந்தக் கயித்துல ஒரு மிதவையக் கட்டிட்டுத்தான் வெட்டினேன் தங்கச்சி. நல்ல முடிச்சு. சர்வேயர் அதப் பாத்துட்டு, இது விட்டுட்டுப் போனது இல்ல, லேகன்னு எழுதினாரு. பாராட்டினாரு."

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"அவன் கீழ பம்புகிட்ட இருந்தான். மேல வான்னு ஒரு கூப்பாடு நான் போடல. முடிச்சுப் போட நேரம் இருந்துச்சு. ஒரு கூப்பாடு போட எம்புட்டு நேரம் ஆகும்?"

காற்றில் கேட்டிருக்காது, எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று ஏதேதோ சொன்னேன். அவர் தம்பியின் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொண்டார், எனக்குக் கேட்கிற அளவுக்கு. புது மிதவையை அதே கயிற்றில் கட்டினார். திரும்பும் வழியில், "ஜிபிஎஸ்ல எடத்தைக் குறிச்சு வச்சாப் போதாதா அண்ணாச்சி?" என்று மெல்லக் கேட்டேன்.

"அது எடத்தச் சொல்லும். உடையவன் இருக்கான்னு சொல்லாது" என்றார். "கயித்தப் பிடிச்சா கனம் தெரியுது. அவன் அந்தப் பக்கம் பிடிச்சிக்கிட்டுத்தான் கெடக்கான்."

அன்றைக்குப் பிறகு அவர் அறைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த மிதவைகள் என்னைப் பார்ப்பதுபோல் இருக்கும். சில நாள் சாயாவை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன். பயம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பயம்தான்.

சுவரோரம் பதினெட்டு சேர்ந்த வருடம் அவருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் ஆயிற்று. ஒரு மாதம் குனியக்கூடாது, தலையில் தண்ணீர் படக்கூடாது, கடல் காற்றுப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கண்ணு எதுக்கு, வெரலு இருக்கே" என்று கட்டிலில் உட்கார்ந்து ஓட்டல் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இருபதாவது மிதவை செதுக்கி முடிந்து, மூலையில் காத்திருந்தது.

அப்போதுதான் ஒரு காலையில் ஸ்ராங்கு கடைக்கு வந்தார். கையில் சாக்கு. உள்ளே, சிப்பியும் பாசியுமாக, மூன்று வெட்டுள்ள மிதவை.

"சேச்சி, இது அண்ணாச்சிடெ பொங்கு" என்றார். மிதவைக்கு இங்கே பொங்கு என்றுதான் பெயர். வேறொரு போட்டின் வலை அந்தக் கயிற்றில் சிக்கியதாம். வலையைக் காப்பாற்றக் கயிற்றை வெட்ட வேண்டி வந்தது. கடலில் வேலை செய்கிறவன் இன்னொருத்தன் கட்டியதை வெட்டினால் அப்படியே விட்டுவிட்டு வரமாட்டான். அது இங்கே எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. கயிற்றின் நுனியில் ஒரு தெர்மகோல் கட்டையைக் கட்டி மிதக்கவிட்டு, வெட்டியெடுத்த மிதவையை ஸ்ராங்கிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

"தெர்மகோல் அதிகம் நில்க்கில்லா. வேகம் பறயணே" என்றார் ஸ்ராங்கு. தெர்மகோல் அதிக நாள் தாங்காது, சீக்கிரம் சொல்லிவிடுங்கள் என்கிறார்.

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே கிளம்புவார்; கண் போய்விடும். மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள். அதுவரை தெர்மகோல் நிற்காதா என்ன? இதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. நீயே போய்ப் புது மிதவையைக் கட்டச் சொல்லு என்று ஸ்ராங்கிடம் சொல்லியிருக்கலாம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை. உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரக் கடைசியில் ஓட்டல்காரர்கள் வலைக்கு வருவதாக இருந்தார்கள். அவர் விரல் எனக்கு வேண்டியிருந்தது. பாசத்தையும் என் காரியத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டு, மிதவையைச் சாக்கோடு ஒரு சீனப் பரணிக்குள் இறக்கி மூடினேன்.

பன்னிரண்டு நாள் அந்தப் பரணியைத் தாண்டித் தாண்டி நடந்தேன். பதின்மூன்றாவது நாள் கடலில் காற்றழுத்தம். நான்கு நாள் ஒரு போட்டும் போகவில்லை. கடைக் கூரை ஓடு இரண்டு பறந்தது.

மாதம் முடிந்து அவர் போனார். ஸ்ராங்கு ஆழ்கடலுக்குப் போயிருந்ததால் வேறு ஒரு போட்டில். இருபதாவது மிதவையை மடியில் வைத்துக்கொண்டு போனவர், அதை மடியில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தார். மறுநாளும் போனார். மூன்றாவது நாள் வந்து, கடைக்குள் என் மேசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"முன்ன ஸ்ராங்கு குறிச்சுத் தந்த எடந்தான், ஜிபிஎஸ் சரியாத்தான் காட்டுது. பச்சத்தண்ணி. அம்புட்டுதான்" என்றார். பிறகு, "அறுத்திருக்க மாட்டாவளே. அறுத்தாலும் திருப்பிக் கட்டியிருப்பாவளே" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அதை அவர் இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது தடவை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய்ப் பரணியிலிருந்து சாக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் வெட்டுகளை விரலால் தடவினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஓட்டல் வலை உட்பட. அழுதேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்தப் புதுக் கண் தெளிவாக இருந்தது.

"எத்தன நாளு அது மெதந்திருக்கும்?"

"புயலுக்கு முன்னால... பன்னெண்டு நாள், அண்ணாச்சி."

"பன்னெண்டு நாளு" என்றார். "நேரம் இருந்துச்சுல்லா, தங்கச்சி?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. அத்தனை வருஷமாகத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அன்றைக்கு என்னிடம் கொடுத்தார். மிதவையை எடுத்துக்கொள்ளாமலே எழுந்து அறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் எதற்கும் மிதவை கட்டவில்லை. நான் முதலில் கவனிக்கவில்லை. குடையைப் படகுத்துறையில் தொலைத்துவிட்டு வந்தார். புதுக் குடை வாங்கிக் கொடுத்தேன். கைப்பிடி மொட்டையாகவே இருந்தது. சாவி தொலைந்தது. கண்ணாடி தொலைந்தது. "தேடலாம் அண்ணாச்சி" என்றால், "கெடக்கட்டும்" என்பார். விலைச்சீட்டுகளை ஒற்றைச் சுருக்கில் கட்டினார். தொட்டால் அவிழ்ந்தது. ஒரு வாடிக்கையாளரும் குறை சொல்லவில்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார். தூத்துக்குடியிலிருந்து அவருடைய அக்கா மகன் வந்து காரியங்களைச் செய்தார். நல்ல மனிதர். டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு, சுவரோரத்து மிதவைகளைக் காட்டி, "இதெல்லாம் வேண்டாம்க்கா" என்றார். அண்ணாச்சி கணக்கில் அது எறிந்ததா, விட்டதா என்று கேட்க ஆளில்லை. நான் வைத்துக்கொண்டேன். பலர் விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

போன வருடம் ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாதபோது, போனில் அந்தச் சொல்லைத் தேடினேன். லேகன். அவர் சொன்ன அர்த்தம் சரிதான். ஆனால் கட்டு என்பதிலிருந்து வந்தது என்று வெகுகாலம் நினைத்தார்களாம். இப்போது படித்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வடக்குக் கடல்காரர்களின் ஒரு பழைய சொல்லாக இருக்கலாம், தண்ணீரில் இட்டுவைத்த வலைக்குப் பெயர், கிடப்பது என்ற சொல்லுக்கு உறவு என்று போட்டிருந்தது. அப்படியென்றால் கட்டு முக்கியமில்லை. கிடந்தால் போதும். கயிறு அறுந்தாலும் தம்பி அவருடையவன்தான்.

கயிறு போனபிறகு அவர் இருந்த அந்த இரண்டு வருஷத்தில் ஒருநாள் இதைத் தேடிப் படித்து, அவர் அறைக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது. அதற்கும் நேரம் இருந்தது.

இந்த வருடம் மழை ஓய்ந்ததும் ஸ்ராங்கிடம் கேட்டேன். மறுக்கவில்லை. அந்த இருபதாவது மிதவையை எடுத்துக்கொண்டேன். கடல் தண்ணீரையே தொடாத மிதவை. அடியில் ஒரு ஆட்டுக்கல்லைக் கட்டினேன். முடிச்சு என்னுடையது, அண்ணாச்சி பார்த்தால் சிரித்திருப்பார். ஜிபிஎஸ் காட்டிய இடத்தில் ஸ்ராங்கு எஞ்சினை நிறுத்தினார். கல்லை இறக்கினேன். கயிறு ஓடி ஓடி நின்றது. இழுத்துப் பார்த்தேன். கனம் தெரிந்தது. ஆட்டுக்கல்லின் கனம்தான், எனக்குத் தெரியாதா? மூன்று தடவை சுண்டினேன். காத்திருந்தேன். ஒன்றுமில்லை.

"மதியோ, சேச்சி?" என்றார் ஸ்ராங்கு. போதுமா என்கிறார்.

"கொஞ்சம் நில்லுங்க."

போட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேல் குனிந்தேன். அண்ணாச்சி அன்று வாய்க்குள் சொன்ன அந்தப் பையனின் பெயரைச் சொல்லி, மேலே வா என்று உரக்க ஒரு கூப்பாடு போட்டேன்.

அதற்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.